எக்ஸ்டஸி மாத்திரை எடுத்தவருக்கு நிறையத் தண்ணீர் கொடுத்தால் போதை இறங்கிவிடுமா?

இறங்காது. நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால் கூட இருக்கிற யாருக்கோ ஏதோ ஆகியிருக்கிறது. அப்படியானால் முதலில் 108-க்குப் போன் போடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை எமர்ஜென்சியில் நர்ஸாக இருக்கிறேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி கல்லூரிப் பெண் ஒருத்தியை நண்பர்கள் காரிலிருந்து தூக்கி வந்தார்கள். வரும்போதே வலிப்பு. என்ன எடுத்தாள் என்றால், "ஒன்றுமில்லை சிஸ்டர், சரியாகச் சாப்பிடவில்லை" என்று எல்லோரும் ஒரே பாட்டு. ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பின் அளவு, 116, குறைந்தது 135 இருக்க வேண்டும். ஒரு பையனைத் தனியே கூப்பிட்டு, "உன்னை மாட்டிவிடக் கேட்கவில்லை தம்பி, அவளைக் காப்பாற்றத்தான் கேட்கிறேன்" என்ற பிறகுதான் மாத்திரை விஷயமும், பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்க வைத்ததும் வெளியே வந்தது.

எக்ஸ்டஸியில் இருக்கிற எம்டிஎம்ஏ மூளையில் செரோடோனின் என்ற ரசாயனத்தைக் கொட்டவைக்கும், கூடவே சிறுநீரைக் குறைக்கிற வாசோப்ரெசின் ஹார்மோனையும் ஏற்றிவிடும். குடித்த தண்ணீர் வெளியே போகாமல் தங்கி, உப்பு நீர்த்துப்போய், மூளை வீங்கும். பெண்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். 1995-இல் இங்கிலாந்தில் லியா பெட்ஸ் என்ற 18 வயதுப் பெண் இறந்ததும் இப்படித்தான், ஒன்றரை மணி நேரத்தில் 7 லிட்டர் அளவுக்குக் குடித்திருந்தாள். எங்களிடம் வந்த பெண்ணுக்கு 3 சதவீத உப்புக் கரைசல் ஏற்றினோம், பிழைத்துவிட்டாள்.

அவள் அப்பா வந்து, எங்கள் ரிப்போர்ட்தான் தப்பு என்று கத்தி ஒரு ஜூனியர் நர்ஸைப் பிடித்துத் தள்ளினார். மருத்துவ ஊழியர்களைத் தாக்கினால் தண்டிக்க 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, நர்ஸுக்கும் சேர்த்துத்தான். ஆனால் மறுநாள் நிர்வாகம் எங்களைக் கூப்பிட்டு, பொறுமையாகப் பேசியிருக்கலாமே என்றது. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

போதைக்காரர்களுக்கு யோசனை சொல்கிறாயா என்று கேட்க வருபவர்கள் அந்தப் பெண்ணின் அம்மா ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தால் கேட்கமாட்டார்கள்.

சரி, ஆம்புலன்ஸ் வரும்வரை: மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடம்பு கொதித்தால் துணியைத் தளர்த்தி, ஈரத்துணி போட்டு விசிறுங்கள். சூடு 40 டிகிரியைத் தாண்டினால் தசை சிதைந்து கிட்னி வரை போகும், இது தொற்றுக் காய்ச்சல் இல்லை, பாராசிட்டமால் கேட்காது. நினைவோடு தாகம் என்றால் ஒன்றிரண்டு மடக்கு போதும். மாத்திரை மீதி இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள். எக்ஸ்டஸி என்று விற்பதில் வேறு ரசாயனமும் கலந்திருக்கலாம், சிறுநீரில் போதைப்பொருளைச் சோதிக்கிற எங்கள் கிட் எல்லாவற்றையும் காட்டிவிடாது.