பள்ளி விட்டு வந்ததும் வெடிக்கும் பிள்ளைகள்: கேள்வி பதில்

கேள்வி: மகனுக்கு 7 வயது, ஆட்டிசம். பள்ளியில் தங்கமான பையன் என்கிறார்கள். வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போதே அலறல். எங்களிடம் மட்டும் ஏன்?

பதில்: உங்களிடம்தான் அவனுக்குப் பயமில்லை. வகுப்பின் இரைச்சல், ஆடாமல் உட்காரச் சொல்லும் அதட்டல், வேன் ஹாரன் எல்லாவற்றையும் பகல் முழுக்க அடக்கி வைத்திருக்கிறான். இது அடம் இல்லை. அடம் பிடிக்கிற பிள்ளை கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடும். இவன் கிடைத்தாலும் நிறுத்த மாட்டான், அவனால் முடியாது.

முதலில் பையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே இருந்தால், பெரும்பாலும் கழிவறைக்கும் போயிருக்க மாட்டான். பசியா, தாகமா, சிறுநீர் முட்டுகிறதா என்று இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதனால் வந்ததும் கழிவறை. பிறகு பெல்ட், சாக்ஸ் கழற்றி லூசான பனியன். ஸ்ட்ரா போட்டு மோர், கூடவே முறுக்கோ வெள்ளரித் துண்டோ. உறிஞ்சுவதும் கடிப்பதும் பல பிள்ளைகளை நிதானத்துக்குக் கொண்டுவரும். அடுத்த 15 நிமிடம் உடம்புக்கு வேலை: 2 லிட்டர் பாட்டிலை அடுப்படிக்குத் தூக்கிப் போவது, சுவரைத் தள்ளுவது, சப்பாத்தி மாவு பிசைவது. முதல் முக்கால் மணி நேரம் எதுவும் விசாரிக்காதீர்கள். "இன்னைக்கு என்ன பாடம்?" கூட வேண்டாம்.

கேள்வி: அலறல் உச்சத்தில் இருக்கும்போது?

பதில்: விளக்கை அணையுங்கள், வேடிக்கை பார்ப்பவர்களை வெளியே அனுப்புங்கள், சற்றுத் தள்ளித் தரையில் உட்காருங்கள். தலையைச் சுவரில் மோதினால் நடுவில் தலையணை வையுங்கள். "மூச்சை இழுத்து விடு" அப்போது காதில் ஏறாது. அமைதியான நேரத்தில் பழக்க வேண்டியது அது. போனில் வீடியோ எடுக்காதீர்கள்.

கேள்வி: மகளுக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் சிதறும், துறுதுறுப்பு அடங்காத நிலை). காலையில் மாத்திரை. சாயங்காலம்தான் ரகளை.

பதில்: அந்த மாத்திரை குறுகிய நேரம் வேலை செய்யும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து என்றால், அதன் வேலை சுமார் 4 மணி நேரம்தான். அது இறங்கும்போது எரிச்சல் வரலாம். பசியையும் மட்டுப்படுத்துவதால் மதியச் சாப்பாடு டப்பாவிலேயே திரும்பி வரும். மாத்திரை கொடுத்த நேரம், சாப்பிட்ட அளவு, ரகளை தொடங்கிய நேரம் மூன்றையும் ஒரு வாரம் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். அளவை நீங்களே மாற்றாதீர்கள்.

கேள்வி: 5 மணிக்கு ட்யூஷன், என்ன செய்ய?

பதில்: 6 மணிக்குத் தள்ளுங்கள். முடியாவிட்டால் நிறுத்துங்கள்.

கேள்வி: பள்ளியில் நடந்ததைக் கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மேலேயே சொல்லிவிட்டேன், வந்தவுடன் விசாரிக்காதீர்கள். ராத்திரி படுக்கையில் தானாகச் சொல்லும். இல்லையென்றால் டீச்சரிடம் கேளுங்கள்.

கேள்வி: பேரன் இப்படித்தான். ரெண்டு போடு போட்டால் அடங்கிவிடுகிறான்.

பதில்: ஐயா, அது பயத்தில் உறைந்துபோவது. பள்ளியில் அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டமே தடை செய்கிறது. வீட்டில் ஏன்?

அவரே: எங்கள் காலத்தில் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்?

பதில்: அன்றும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். மக்கு, முரடன் என்று பேர் வாங்கிப் பாதியில் படிப்பை விட்டார்கள்.

இன்னொருவர்: கண்டிப்பே வேண்டாமா?

பதில்: வேண்டும். "தம்பியை அடிக்கக் கூடாது" என்பது மாறாத விதி. வெடிக்கும்போது தம்பியை அடுத்த அறைக்குக் கூட்டிப் போங்கள். விதியை மறுநாள் காலை, வயிறு நிறைந்த பிறகு, படம் வரைந்து சொல்லுங்கள். கண்டிப்புக்கும் நேரம் பார்க்க வேண்டும். அடியைப் பற்றி இனி கேட்டாலும் இதே பதில்தான்.

கேள்வி: மொபைல் கொடுத்தால் அமைதியாகிறான்.

பதில்: பிடுங்கும்போது இரண்டாவது வெடிப்பு. கொடுப்பதானால் சாப்பிட்ட பிறகு 20 நிமிடம், முடியும் நேரத்தை முன்கூட்டியே கடிகாரத்தில் காட்டிவிட்டு.

கேள்வி: மகளுக்கு 3 வயது, இன்னும் பேச்சு வரவில்லை.

பதில்: இது வேறு விஷயம், தள்ளிப்போடாதீர்கள். முதலில் காது பரிசோதனை. மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. மையம் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் இடம்) எங்கே என்று கேட்டு இந்த வாரமே போங்கள்.