முட்டு வருத்தத்துக்கு (ஆஸ்துமாவுக்கு) வந்திருக்கும் புதிய ஊசி எல்லாருக்கும் சரிவருமா?

"லண்டனில் இருக்கும் மாமா சொல்கிறார், மாதம் ஒரு ஊசி போட்டால் முட்டே வராதாம். மட்டக்களப்பில் அம்மாவுக்கும் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியர் இல்லை. களுவாஞ்சிகுடியில் அப்பாவின் முட்டோடு வளர்ந்தவன். வெள்ளாமை வெட்டும் நாட்களில் இரவிரவாக அவர் முதுகைத் தடவியபடி இருந்திருக்கிறேன். அதனால்தான் இதைத் தேடித் தேடிப் படித்தேன்.

சூடடிக்கிற தூசு உள்ளே போனதும் மூச்சுக்குழாயின் உட்தோல்தான் முதலில் கூப்பாடு போடுகிறது. டிஎஸ்எல்பி என்ற புரதம் அந்தக் கூப்பாடுகளில் ஒன்று. அதைக் கேட்கும் நோயெதிர்ப்புக் கலங்கள் இன்டர்லூக்கின் 4, 5, 13 என்ற புரதங்களைச் செய்தியாக அனுப்புகின்றன. 4 வந்தால் ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் உண்டாகும். 5 வந்தால் இயோசினோபில் என்ற வெண்குருதிக் கலங்கள் பெருகும். 13 சளியைக் கூட்டும். முட்டு வந்ததும் வாயால் இழுக்கும் நீலப் பம் (இன்ஹேலர்) இறுகிய தசையைத் தளர்த்துவதோடு சரி, உள்ளே இந்தப் பேச்சு நிற்காது. ஸ்டீராய்டு பம்தான் அதைப் பரவலாக அடக்குகிறது.

புதிய ஊசி ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு செய்தியை மறிக்கிறது. 2003இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த ஒமலிசுமாப் ஐஜிஇயைப் பிடிக்கும். மெபோலிசுமாப் 5ஐ, டுபிலுமாப் 4, 13 இரண்டும் சேரும் இடத்தை, 2021இல் வந்த டெசெபெலுமாப் டிஎஸ்எல்பி என்ற அந்த முதல் கூப்பாட்டையே.

மெபோலிசுமாப்பின் கதையை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். ஆளைப் பார்க்காமல் கொடுத்த ஆய்வு 2007இல் வெளிவந்தபோது பெரிய பலன் தெரியவில்லை. இயோசினோபில் கூடியவர்களாகப் பார்த்துக் கொடுத்த ஆய்வுகள் 2009இல் வந்தன. அதே மருந்துதான், கடும் முட்டு நன்றாகக் குறைந்தது. ஆகவே ஊசிக்கு முன் இரத்தப் பரிசோதனை முக்கியம். எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு: வயிற்றில் பூச்சி இருந்தாலும் இயோசினோபில் ஏறும். அதையும் வைத்தியர் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

இது வருத்தத்தை அடியோடு மாற்றும் ஊசி அல்ல. தொடர்ந்து போட வேண்டும், விலையும் மிக அதிகம். ஸ்டீராய்டு பம்மைக் கூடிய அளவில், ஒழுங்காக எடுத்தும் அடங்காத கடும் ஆஸ்துமாவுக்குத்தான் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அது பெரிய வரம், பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டுக் குளிசையைக்கூடக் குறைக்க முடிகிறது.

அப்பாவுக்கு அந்த ஊசி தேவைப்படவே இல்லை. ஸ்டீராய்டு பழகிவிடும் என்று பயந்து, வருஷக்கணக்காக நீலப் பம்மை மட்டும் அடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பயத்தை வீட்டில் நாங்களும் வளர்த்தோம், இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது. பிறகு ஸ்பேசர் (பம்மில் பொருத்தி மருந்தை இழுக்கும் குழாய்) வைத்து ஸ்டீராய்டு பம்மைக் காலையும் இரவும் எடுக்கத் தொடங்கினார். அடுத்த வெட்டுக்கு வயல் வாடியிலேயே படுத்து எழும்பினார்.

அம்மா எந்தப் பம்மை எப்படி எடுக்கிறார்? அடுத்த கிளினிக்குக்கு அதையும் கையில் கொண்டுபோய், வைத்தியருக்கு முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஊசியைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள்.