ஸ்கூபா கருவிகளை இணையத்தில் வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு புதுச்சேரியில் ஓபன் வாட்டர் என்னும் அடிப்படை ஸ்கூபா பயிற்சியை முடித்து, இதுவரை 14 முறை டைவ் செய்திருக்கிறேன். பிப்ரவரியில் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குச் செல்லவிருப்பதால் சொந்தமாகக் கருவிகள் வாங்க எண்ணியுள்ளேன். மாஸ்க், ஃபின்ஸ், டைவ் கம்ப்யூட்டர், ரெகுலேட்டர், பி.சி.டி. (காற்றை ஏற்றி மிதப்பைக் கட்டுப்படுத்தும் அங்கி) ஆகிய ஐந்தும் ஐரோப்பிய இணையதளம் ஒன்றில் ஒரே தொகுப்பாக, இங்குள்ள டைவ் கடை சொல்லும் விலையைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் கிடைக்கின்றன. எங்கே வாங்குவது சரி?

பதில்: ஐந்தையும் ஒரே தொகுப்பாகப் பார்க்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு கருவியையும் பற்றி, “ஓராண்டு கழித்து இதைப் பிரித்துச் சரிபார்க்கப் போகிறவர் யார்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே வாங்குவது என்பதை விலையைவிட அந்தப் பதில்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது, பல ஆண்டுகளாக இக்கருவிகளைப் பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

ரெகுலேட்டரில் இருந்து தொடங்குகிறேன். சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 9 அல்லது 10 பார் மட்டுமே கூடுதலாக இருக்கும் அளவுக்கு, ரெகுலேட்டரில் சிலிண்டரோடு இணையும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைக்கிறது. வாயில் கவ்வியிருக்கும் செகண்ட் ஸ்டேஜ் அதை நீங்கள் இழுக்கும் மூச்சுக்கு ஏற்றபடி விடுகிறது. இத்தனை அழுத்தத்தையும் தாங்கி நிறுத்துவது, விரல் நுனியில் அடங்கும், ‘சீட்’ எனப்படும் ஒரு பிளாஸ்டிக் அடைப்பும், ஓ-ரிங் எனப்படும் சில ரப்பர் வளையங்களும்தான். இவை பயன்படுத்தினாலும் தேயும், பெட்டிக்குள் கிடந்தாலும் முதுமையடையும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர், இணையத்தில் வாங்கிய புத்தம்புது ரெகுலேட்டரை முதல் டைவுக்கு முன் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டுவந்தார். இரண்டு ஸ்டேஜ்களுக்கும் நடுவே நிற்கும் இடைநிலை அழுத்தத்தை அளக்கும் கேஜைப் பொருத்தி, சிலிண்டரை மெதுவாகத் திறந்தேன். 9.5 பாரில் அசையாமல் நின்றிருக்க வேண்டிய முள், அங்கே ஒரு கணம் தயங்கிவிட்டு 10, 10.5, 11 என்று ஏறிக்கொண்டே போனது; 12-ஐ நெருங்கியபோது, யாரும் தொடாமலேயே செகண்ட் ஸ்டேஜ் சீறத் தொடங்கியது. தொடர் எண்ணை வைத்து விசாரித்ததில், அது தயாரிக்கப்பட்டு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. விற்றவர் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் அல்ல என்பதால் உத்தரவாதமும் செல்லவில்லை. மேசை மீது அது வெறும் சீறல். 18 மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பில் செலவாவதைப் போல 2.8 மடங்கு காற்று செலவாகும் இடத்தில், அதே சீறல் முற்றினால் சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும்.

ஆகவே ரெகுலேட்டரை, அதைச் சர்வீஸ் செய்யத் தெரிந்தவரிடமே வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 100 டைவுகளுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும் என்பது பல தயாரிப்பாளர்களின் விதி. சிலர் இரண்டாண்டு வரை அனுமதிக்கிறார்கள். கடையில் விலையைக் கேட்பதற்கு முன், எந்த நிறுவனத்தின் ரெகுலேட்டரைப் பிரிக்க அவர்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள், அதற்கான சர்வீஸ் கிட் கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லாத கடை, பெட்டியை வாங்கி விற்கும் கடை மட்டுமே. அங்கே கூடுதல் விலை கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. பதில் தெளிவாக இருந்தால், முதலாண்டு சர்வீஸை விலையிலேயே சேர்த்துத் தரும்படி கேட்பதில் தவறில்லை.

ஐரோப்பியத் தளம் என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் சிலிண்டர் வால்வுக்குள் திருகிப் பொருத்தும் டின் (DIN) வகை ரெகுலேட்டர்களே விற்கின்றன; நம் டைவ் சென்டர்களின் அலுமினிய சிலிண்டர்களில் பெரும்பாலும், ரெகுலேட்டர் வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் யோக் வகை வால்வு இருக்கும். அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்றாலும், அது பராமரிக்க வேண்டிய மேலும் ஓர் இணைப்பு. அமெரிக்கத் தளங்களில் வாங்குவோருக்கு வேறு தொல்லை உண்டு: கேஜ் பார் அளவில் இல்லாமல் பி.எஸ்.ஐ. அளவில் வரும். சிலிண்டரில் 50 பார் மிஞ்சும்போது மேலே வந்துவிட வேண்டும் என்று பழகிய கண், 725-ஐத் தேட வேண்டியிருக்கும். மேலும், அத்தளங்களில் வரும் விமர்சனங்கள் 10 டிகிரிக்கும் குறைவான குளிர்நீருக்கு உகந்த ரெகுலேட்டர்களைப் புகழ்வதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தமானில் நீர் பெரும்பாலும் 28 டிகிரியை ஒட்டியே இருப்பதால், எளிய அமைப்புள்ள ரெகுலேட்டர் உங்களுக்குப் போதும்.

மாஸ்க்கைக் கடையில்தான் வாங்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, தலைமுடி உள்ளே சிக்காமல் ஒதுக்கிவிட்டு, மூக்கால் இலேசாகக் காற்றை இழுத்துக் கையை எடுங்கள். அது விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு, ரெகுலேட்டரைக் கவ்வுவதுபோல் வாயை வைத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை பாருங்கள். முன்பு நன்றாகப் பொருந்திய மாஸ்க்கில் அப்போது மேலுதட்டின் ஓரத்தில் இடைவெளி விழுவதுண்டு. எந்தப் படமும் இதைக் காட்டாது. ஃபின்ஸையும் பூட்ஸ் அணிந்த காலில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

கடைக்காரரின் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு அளவு பார்த்துவிட்டு, வாசலைத் தாண்டியதும் கைபேசியில் ஆர்டர் செய்யும் பழக்கம் பரவி வருகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. டைவ் சென்டரோடு சேர்ந்து நடக்கும் கடைகளில், மாஸ்க்கின் விலையில் வரும் இலாபம்தான் உங்கள் சிலிண்டரை நிரப்பும் கம்ப்ரஸரின் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றவும் உதவுகிறது.

கடையா, இணையமா என்ற கேள்வியில் பி.சி.டி. நடுவில் நிற்கிறது. பயிற்சியின்போது வாடகைக்கு அணிந்த மாடல் உங்களுக்குச் சரியாக அமைந்திருந்தால், அதே மாடலை, அதே அளவில், இந்தியாவில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கலாம். இல்லையென்றால் கடையில் அணிந்து, முழுவதும் காற்றை ஏற்றிப் பாருங்கள். அது விலா எலும்பை நெரிக்கவும் கூடாது, தோளைவிட்டு மேலே ஏறவும் கூடாது.

நீருக்கடியில் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைத் தாராளமாக இணையத்தில் வாங்கலாம். அதற்கு அளவு பார்க்க வேண்டியதில்லை, ரெகுலேட்டரைப் போல் ஆண்டுதோறும் பிரிக்கவும் வேண்டியதில்லை. பேட்டரியை நீங்களே மாற்றிக்கொள்ளக்கூடிய மாடலாகத் தேர்ந்தெடுத்து, கூடுதலாக ஒரு பேட்டரியும் அதற்கான ஓ-ரிங்கும் சேர்த்து வாங்குங்கள். டார்ச், மேற்பரப்பில் உங்கள் இருப்பிடத்தைக் காட்டும் மிதவைக் குழாய், பை போன்றவையும் அப்படியே.

விலை ஒப்பீட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். தளத்தில் காணும் தொகையோடு அனுப்பும் செலவு, சுங்க வரி, ஐ.ஜி.எஸ்.டி. ஆகியவற்றைக் கூட்டினால் அந்த மூன்றில் ஒரு பங்கு வெகுவாகச் சுருங்கும். பொருளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவும் உங்களுடையதாகலாம். சிலிண்டரை வெளிநாட்டில் ஆர்டர் செய்யும் எண்ணம் பின்னால் வந்தால் விட்டுவிடுங்கள். இந்தியாவில் அது எரிவாயு சிலிண்டர் விதிகளின்கீழ் வருவதால் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும்.

பிப்ரவரிப் பயணத்துக்கு மாஸ்க்கும் கம்ப்யூட்டரும் போதும். ஹேவ்லாக்கில் டைவ் கட்டணத்தோடு மற்ற கருவிகளும் பொதுவாகச் சேர்ந்தே கிடைக்கும் என்பதால் அவசரப்படத் தேவையில்லை. அதற்குப் பிறகும் அந்தத் தொகுப்பையே வாங்க விரும்பினால், பணம் கட்டுவதற்கு முன் ரெகுலேட்டரின் தொடர் எண்ணையும் தயாரிப்பு ஆண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கி, அந்த எண்ணுக்கு இங்கே உத்தரவாதம் உண்டா என்று அந்நிறுவனத்தின் இந்தியப் பிரதிநிதியிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வந்து சேர்ந்ததும், கடலுக்கு எடுத்துச் செல்வதற்கு முன், ஒரு டெக்னீஷியனிடம் கொடுத்து முள் ஓரிடத்தில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.