வாசகர் கேள்வி பதில்: ஹல்தியா, நலங்கா?

கேள்வி: என் பொண்ணு காலேஜ் செகண்ட் இயர். அடுத்த மாசம் அவ சித்தி மகளுக்குக் கல்யாணம். ஹல்திக்கு லெஹங்காதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. புடவை கட்டுடின்னா 'அதெல்லாம் ஓல்டும்மா'ங்கறா. டிவியும் ரீல்ஸும் சேந்து நம்ம பழக்கவழக்கத்தையே அழிச்சிடுச்சே, என்ன பண்றது?
- ஒரு அம்மா, பெரம்பூர்

பதில்: தோழி, உங்க ஆதங்கம் புரியுது, ஆனா கோவத்த பொண்ணு மேல காட்டாதீங்க. நாம ஸ்கூல் முடிச்ச காலத்த நெனச்சுப் பாருங்க, 1993ல சன் டிவி வந்தப்புறம் தியேட்டர்ல பாத்த டிரெஸ்ஸெல்லாம் தினமும் வீட்டு ஹாலுக்கே வந்துச்சு, தாவணிய மடிச்சு பீரோல வெச்சுட்டு சுடிதாருக்கு மாறினது நாமதான், அதுவும் வடக்க இருந்து வந்ததுதானே, அன்னிக்கு நம்ம அம்மாக்களும் இதே மாதிரிதான் புலம்பினாங்க.

எனக்கு லெஹங்கா மேல வருத்தம் இல்ல, ஹல்திங்கற பேரு மேலதான் வருத்தம். மஞ்சள் பூசற சடங்கு நம்மகிட்ட இல்லாததா? நலங்குன்னு மணையில உக்கார வெச்சு அத்தை, சித்தி, பாட்டி எல்லாரும் கைகால்ல மஞ்சள் பூசி, கேலிப்பாட்டு பாடி, ஆரத்தி எடுப்பாங்களே! ஹல்திய உங்க பொண்ணு போன்ல நூறு தடவை பாத்திருப்பா, நலங்க ஒரு தடவை பாத்திருப்பாளான்னு தெரியல. கண்ணுல படாதது மேல ஆசை எங்கேருந்து வரும்? டிவிலயும் பொங்கல் அன்னிக்கு தொகுப்பாளர் வேட்டி சட்டையில வருவார், மறுநாள் ஜீன்ஸ். இதையே பாத்து வளர்ற பசங்களுக்கு நம்ம உடுப்பு வருஷத்துல ரெண்டு நாள் போடற வேஷம்னுதான் மனசுல பதியும், எனக்குப் பெரிய கவலையே அதுதான்.

அதனால 'கூடாது'ன்னு சொல்லாதீங்க. ஒரு சனிக்கிழமை எழும்பூர் கோ-ஆப்டெக்ஸுக்கோ தி.நகருக்கோ கூட்டிட்டுப் போயி சுங்குடிப் புடவை காட்டுங்க, கையில முடிச்சுப் போட்டதா இருக்கான்னு கேட்டு வாங்குங்க, ஏன்னா பிரிண்ட் போட்டதும் அதே பேர்ல விக்கிது. மதுரை சௌராஷ்டிர மக்களோட கைவேலை, 2005ல புவிசார் குறியீடு வாங்கினது. துணிய துளித்துளியா கிள்ளி நூலால இறுக்கிக் கட்டி சாயத்துல முக்குவாங்க, முடிச்ச அவுத்தா கட்டின இடம் மட்டும் புள்ளியா நிக்கும். கிட்ட வெச்சுப் பாக்கச் சொல்லுங்க, ஒரு புள்ளி மாதிரி இன்னொண்ணு இருக்காது. பிரிண்ட்ல எல்லாம் ஒரே அச்சா இருக்கும். நலங்குக்கு மஞ்சள் சுங்குடி, ரிசப்ஷனுக்கு அவ கேட்ட லெஹங்கா. கொசுவம் வைக்க நீங்களே பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுங்க, ஒரு தடவை நழுவினாலும் திட்டாதீங்க.

கேள்வி: ஐடி கம்பெனில வேலை. வெள்ளிக்கிழமை வேட்டி கட்டிட்டுப் போக ஆசை. யாராவது தடுத்தா?
- 24 வயசு வாசகர், வேளச்சேரி

பதில்: தாராளமா ஆசைப்படுங்க தம்பி. 2014ல சென்னையில ஒரு கிளப் விழாவுக்கு வேட்டியில போன ஐகோர்ட் நீதிபதியவே உள்ள விடல, பெரிய கொந்தளிப்பாச்சு, அடுத்த மாசமே சட்டசபையில சட்டம் வந்துச்சு, கிளப் மாதிரி பொது இடங்கள்ல வேட்டிக்காக ஆள வெளிய நிறுத்தினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம். ஆபீஸ் டிரெஸ் கோடு வேற சங்கதி, எச்.ஆர்-ட்ட முன்னாடியே ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. வெல்க்ரோ வேட்டி வேணாம், நாலு முழத்த வீட்லயே ஒரு வாரம் கட்டிப் பழகுங்க, பைக் ஓட்டறப்ப மடிச்சுக் கட்டி இறுக்கமா சொருகிக்கோங்க.