கறுப்பு சூட்டா, நீல சூட்டா?

அன்புள்ள ஐயா,

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தேறியிருக்கிறேன். ஜனவரியில் டெல்லியில் நேர்முகத் தேர்வு. அண்ணன் தன் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த கறுப்பு சூட் இருக்கிறது, அதுவே போதும் என்கிறார் அப்பா. நீல சூட்டும் பழுப்பு ஷூவும்தான் இப்போது எடுப்பு என்கிறார்கள் நண்பர்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் வாழ்த்துகள். மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 நேர்முகத்துக்கு உரியது. அதில் உடைக்கென்று தனிப் பங்கு ஏதும் இல்லை. ஆனால் ஷாஜஹான் சாலையில் தேர்வாணையத்தின் அலுவலகமான தோல்பூர் ஹவுஸில் உங்கள் எதிரே அமர்ந்திருப்பவர்களின் கண் உங்கள் முகத்தில் நிலைக்க வேண்டுமே தவிர, கோட்டின் பளபளப்பிலோ ஷூவின் நிறத்திலோ போய் நிற்கக் கூடாது.

அதனால் என் தேர்வு கருநீலம். அடுத்தபடியாக அடர் சாம்பல். நம் ஊரில் கறுப்பு சூட் என்றாலே மாலை வரவேற்பின் நினைவுதான் வருகிறது. போதாக்குறைக்கு, கல்யாணத்துக்கென எடுக்கும் துணியில் பெரும்பாலும் ஒரு மினுமினுப்பு இருக்கும், காலரில் சாட்டின் வைத்துத் தைத்திருப்பார்கள். அண்ணனுடைய கோட்டில் இவை இரண்டும் இல்லாமல், தோளும் உங்களுக்குச் சரியாகப் பொருந்தினால், வெள்ளைச் சட்டையும் அடர்நிற டையும் சேர்த்து அதையே தயங்காமல் அணியலாம். கறுப்பு என்பதற்காக எவரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை. தோள் பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். கை நீளத்தையும் இடுப்பையும் தையல்காரர் எளிதாகச் சரிசெய்வார், தோளில் கைவைப்பது பெரும் வேலை.

புதிதாகத் தைப்பதானால், துணியைக் கடைவாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே டியூப்லைட்டின் கீழ் கருநீலமும் கறுப்பும் ஒன்றுபோலவே தெரியும். வெளியே வந்தபின் சில நீலங்கள் பள்ளிச் சீருடை நிறத்துக்கு வெளிறிவிடும். டெல்லி ஜனவரியின் குளிருக்குக் கம்பளி கலந்த துணி உகந்தது, உட்கார்ந்து எழுந்தாலும் அது அதிகம் கசங்காது.

ஷூவைப் பொறுத்தவரை நான் பழைய கட்சி: கயிறு கட்டும் கறுப்புத் தோல் ஷூ, அதே நிறத்தில் பெல்ட், பேன்ட் நிறத்தை ஒட்டிய நீளமான சாக்ஸ். கருநீலத்துக்கு அடர் பழுப்பு ஷூ அழகாகவே இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லண்டன் முதலீட்டு வங்கிகளில் சூட்டுக்குப் பழுப்பு ஷூ அணிந்து வருவதே ஒரு குறையாகப் பார்க்கப்பட்டதை, பிரிட்டனின் சமூக முன்னேற்ற ஆணையம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு பதிவு செய்திருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்திருந்த அந்த எழுதாத விதி அநியாயமானது. டெல்லியில் அப்படி யாரும் பார்ப்பார்கள் என்றும் நான் சொல்லவில்லை. எனினும், யாருக்கும் உறுத்தாத நிறம் ஒன்று இருக்கும்போது, பரீட்சித்துப் பார்ப்பதை வேலை கிடைத்தபின் வைத்துக்கொள்ளலாமே. இளம்பழுப்பு, கூர்முனை, பேட்டன்ட் தோலின் கண்ணாடிப் பளபளப்பு ஆகியவை கண்டிப்பாக வேண்டாம்.

இன்னொன்று. புதுக் கோட்டின் பின்பக்கப் பிளவைப் பெருக்கல் குறிபோல் குறுக்குத் தையல் போட்டு மூடியிருப்பார்கள், கைமுனையில் நிறுவனத்தின் பெயர்ப்பட்டை இருக்கும். இரண்டையும் பிரித்தெடுத்துவிட வேண்டும். அதை அறியாமல் அப்படியே அணிந்து செல்பவர்களை இன்றும் காண்கிறேன். ஷூவை இந்த வாரமே வாங்கி, தினமும் சிறிது நேரம் வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுங்கள். தேர்வன்று குதிகால் கடிக்காமல் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்