ஒரே சிட்டிங்கா, நான்கா? டெபாசிட்டை உடைக்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. பெருங்குடலில் வந்த புற்றுநோயை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இப்போது நுரையீரலில் இரண்டு இடங்களில் பரவியிருக்கிறது. குறிபார்த்துக் கொடுக்கும் கதிர்வீச்சை ஒரே சிட்டிங்கிலும் முடிக்கலாம், நான்காகவும் பிரிக்கலாம் என்கிறார் டாக்டர். நான்குக்குச் செலவு அதிகம். டெபாசிட்டை உடைத்து அதற்கே போய்விடலாமா? செலவு குறைந்ததைத் தேர்ந்தெடுத்தால் அம்மாவுக்குக் குறை வைத்ததாகிவிடுமோ என்று மனசு உறுத்துகிறது.

பதில்: உறுத்த வேண்டாம். சிட்டிங் கூடினால் சிகிச்சையும் கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த விஷயத்தில் அது சரியில்லை.

நுரையீரலுக்குப் பரவிய கட்டிகளுக்கு ஒரே தடவையில் 28 கிரே (கிரே என்பது கதிர்வீச்சு டோஸை அளக்கும் அலகு) கொடுப்பது ஒரு முறை. தடவைக்கு 12 வீதம் நான்கு தடவை, மொத்தம் 48 கிரே என்பது இன்னொன்று. பார்த்தால் 48தான் பெரிது. ஆனால் ஒரே அடியாக விழும் டோஸின் தாக்கம் கடுமையானது. பிரித்துக் கொடுத்தால் இடையில் செல்கள் கொஞ்சம் தேறிக்கொள்ளும். அதையும் சேர்த்துக் கட்டியின் மேல் விழும் தாக்கத்தை அளக்க டாக்டர்கள் போடும் சூத்திரத்தில் ஒற்றை சிட்டிங்குக்குச் சுமார் 106 வருகிறது, நான்குக்கும் ஏறக்குறைய அதே 106தான்.

இந்த இரண்டையும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 90 நோயாளிகளிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டு, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான பக்கவிளைவு ஒரு வருடத்தில் ஒற்றை சிட்டிங்கில் 5 சதவீதம், நான்கில் 3 சதவீதம். கட்டி அடங்கியதிலும் உயிரோடு இருந்தவர்களின் விகிதத்திலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சின்ன ஆய்வுதான், ஆனாலும் உங்கள் கேள்விக்கு இவ்வளவு நேரான பதில் கிடைப்பது அபூர்வம்.

ஒன்று கவனியுங்கள். அதில் சேர்க்கப்பட்டவர்களுக்குக் கட்டி நடு மூச்சுக்குழாயிலிருந்து தள்ளி இருந்தது, அளவு 5 சென்டிமீட்டருக்குள். அம்மாவுக்கு ஒரு கட்டியாவது மூச்சுக்குழாய்க்கோ உணவுக்குழாய்க்கோ பக்கத்தில் இருந்தால் பிரித்துக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. அங்கே பணத்தைப் பார்க்காதீர்கள். "செலவு ஒன்றுதான் என்றால் எதைச் சொல்வீர்கள்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். எதுவானாலும் சரி என்றால்தான் மேற்கொண்டு நான் சொல்வது பொருந்தும். புற்றுநோய் எலும்புக்குப் பரவி, அந்த வலிக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொண்ட சொந்தக்காரர் யாராவது "ஒரே தடவை போதாது, திரும்பப் போனோம்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. சாதாரணக் கதிர்வீச்சில் ஒரே தடவை 8 கிரே கொடுத்தாலும் பல தடவை கொடுப்பதைப் போலவே வலி குறைகிறது, ஆனால் மறுபடி கொடுக்க வேண்டி வருவது அதிகம். அது வேறு சிகிச்சை, வேறு இடம்.

இனி பில். மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். உடம்பு அசையாமல் இருக்க அச்சு எடுப்பது, பிளானிங் ஸ்கேன், கம்ப்யூட்டரில் டோஸ் திட்டம் போடுவது, இதெல்லாம் ஒரு சிட்டிங்குக்கும் நான்குக்கும் ஏறக்குறைய ஒரே வேலை. ஆகவே நான்கு சிட்டிங் என்றால் நான்கு மடங்கு என்று யாராவது சொன்னால் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதைவிட முக்கியமானது, சொன்ன தொகை ஒரு கட்டிக்கா, இரண்டுக்கும் சேர்த்தா? "ஒரே சிட்டிங்" என்பது கட்டிக்கு ஒன்று என்ற கணக்காகவும் இருக்கலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அப்புறம் பில்லில் வராத செலவு: கூட வருபவரின் சம்பள இழப்பு, போக்குவரத்து, தங்குவது. நான்கு நாளுக்கு அது தனியாக ஏறும்.

இன்சூரன்ஸ் இருந்தால் சிகிச்சையின் முழுப் பெயரையும் சிட்டிங் எண்ணிக்கையையும் குறிப்பிட்டு முன்அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் என்று சில பாலிசிகளில் இருக்கும். ஒரே சிட்டிங்கில் முடித்து அன்றே வீட்டுக்கு வந்துவிட்டால் அது இடிக்கும். கவுண்டரில் வாய்வார்த்தையாக "கவர் ஆகும்" என்று சொன்னால் போதாது.

டெபாசிட்டை உடைக்கத் தயங்குவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. இந்தச் சிகிச்சை குறிவைத்த கட்டியை அடக்கும். வேறு இடத்தில் புதிதாக ஒன்று வராது என்று உத்தரவாதம் தராது, பலருக்கு வருகிறது. பிறகு சில மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன், தேவைப்பட்டால் மருந்து, இன்னொரு கட்டிக்கு இன்னொரு சுற்று என்று செலவு நீளும். ஆகவே இரண்டும் சமம் என்று டாக்டர் சொன்னால், நான் ஒற்றை சிட்டிங்குக்கே பணம் கட்டுவேன். மிச்சமாகும் தொகையை அடுத்த ஸ்கேன்களுக்கென்று உடனே எடுக்கக்கூடிய கணக்கில் தனியாக வைப்பேன். டெபாசிட்டில் கைவைத்தே ஆக வேண்டுமானால், பகுதியாக எடுக்க முடியுமா, டெபாசிட்டின் மேல் கடன் என்ன வட்டிக்குக் கிடைக்கும் என்று வங்கியில் கேளுங்கள். முதிர்வுக்குச் சில மாதங்களே இருந்தால் அந்தக் கடன், உடைப்பதால் இழக்கும் வட்டியைவிட மலிவாக இருக்கலாம். பர்சனல் லோன் மட்டும் வேண்டாம்.