மகன் இறையியல் படிக்கப் போகிறேன் என்கிறார்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள அக்கா,

போன கிழமை நீங்கள் வந்தபோது மகனின் உயர்தரப் பெறுபேற்றை முதலிலேயே மேசையில் வைத்தீர்கள். இறையியல் கல்லூரியின் கைநூலைக் கடைசிவரை மடியிலேயே வைத்திருந்தீர்கள். எழும்பும் நேரத்தில்தான் அதை நீட்டி, "மூண்டு பாடமும் பாஸ் பண்ணின பிள்ளை சேர். இதிலை போனால் நாளைக்கு ஆர் இவனைப் பார்க்கிறது?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே கவலையோடு வேறு பெற்றோரும் வருவதால், உங்கள் சம்மதத்துடன், பெயரை விட்டு, இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மகன் தெரிவு செய்திருப்பது எந்த ஒரு திருச்சபைக்கும் சொந்தமில்லாத கல்லூரி. உங்கள் பயத்தில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

கத்தோலிக்கப் பிள்ளை கொழும்புத்துறைக் குருமடத்துக்குப் போகிறார் என்றால், மறைமாவட்டம் அவரைத் தெரிந்தெடுத்து அனுப்புகிறது. படிப்பு முடிந்ததும் அதே மறைமாவட்டம் அவரை எடுத்துக்கொள்கிறது. பிலிமத்தலாவையில் 1963இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்ற் போன்ற சபைகள் சேர்ந்து தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியிலும் குருத்துவத்துக்கு வரும் மாணவரின் பின்னால் பெரும்பாலும் ஒரு சபை நிற்கும். சுயாதீனக் கல்லூரியில் வாசலுக்கு வருவது மாணவர்தான். அவரே விண்ணப்பிக்கிறார், அவரே படிக்கிறார், முடித்து வெளியே வரும்போதும் அவரே வருகிறார். அன்றைக்கு வெளியே அவருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்பதை இப்போதே பார்த்துவிட வேண்டும். நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்துக்குப் புதிது அல்ல. மகனை ஒரு நாள் வட்டுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். யாழ்ப்பாணக் கல்லூரி வளவில் ஒட்லி மண்டபத்தின் முன்னால் நின்று இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1816இல் இங்கே வந்து தெல்லிப்பழையில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை ஆரம்பித்தார்கள். டானியல் பூர் முதல் அதிபர். உள்ளூர்ப் பிரசங்கிமாரையும் ஆசிரியரையும் உருவாக்குவது நோக்கம். ஆனால் வேதாகமத்தை மட்டும் கையில் கொடுத்து அவர்கள் பிள்ளைகளை அனுப்பிவிடவில்லை. கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் இலக்கணம், சமஸ்கிருதம் எல்லாம் அங்கே படிப்பிக்கப்பட்டன. ஊருக்குப் போய்ப் பேசப்போகிறவனுக்கு ஊரின் நூல்களும் உலகத்தின் அறிவும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

விளைவு என்ன? படித்து வெளியே வந்தவர்களில் மிகப் பலர் பிரசங்க மேடைக்குப் போகவில்லை. அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போனார்கள், பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள், கடல் கடந்து இந்தியாவுக்கும் போனார்கள். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்த காலம் அது. மிஷன் கொடுக்கக்கூடியது அதைவிடக் குறைவு. பொஸ்ரனில் இருந்த மிஷன் தலைமைச் செயலாளர் றூபஸ் அண்டர்சன் இதைப் பெரிய குறையாகக் கண்டார். சபை ஊழியருக்கென்று போட்ட காசு அரசாங்க உத்தியோகத்தரை உருவாக்குகிறது, தாய்மொழியில் எளிமையான பயிற்சி போதும் என்பது அவருடைய வாதம். 1855இல் செமினரி மூடப்பட்டது.

மூடி இரண்டே வருடத்தில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் அந்தச் செமினரியில் படித்தவர்கள்: கறோல் விசுவநாதபிள்ளையும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும். தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவராக வாழ்ந்தவர். செல்லரித்துப் போய்க்கொண்டிருந்த ஏடுகளைத் தேடி எடுத்து, 1887இல் கலித்தொகையை அச்சில் தந்தவர். ஒரு இறையியல் செமினரியின் மாணவர் சங்கத் தமிழுக்குச் செய்த வேலை அது. மூடப்பட்டதை ஊரும் பொறுத்துக்கொண்டு இருந்துவிடவில்லை. உயர்கல்விக்கு ஒரு இடம் வேண்டும் என்று இங்குள்ள கிறிஸ்தவர்கள் விடாமல் கேட்டுப் பணமும் சேர்த்ததால்தான் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது.

அண்டர்சனை நான் குறை சொல்ல மாட்டேன். கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்டவர் அவர். ஆனால் இறையியலைச் சரியாகப் படித்த பிள்ளைக்கு ஒரு வாசல் மட்டும்தான் திறக்கும் என்று அவர் நினைத்தது தவறு என்பதை இந்த மண்ணே காட்டிவிட்டது. பழைய மொழி ஒன்றைப் படிப்பது, ஒரு வசனத்தை அதன் காலத்தில் வைத்து விளங்கிக்கொள்வது, சாவு வீட்டில் பேசாமல் இருக்கப் பழகுவது, ஐம்பது பேருக்கு முன்னால் எழும்பி நின்று தெளிவாகக் கதைப்பது: நல்ல இறையியல் கல்லூரி இவற்றைத்தான் பழக்குகிறது. இவை எங்கேயும் வீண்போகாது.

இனிச் சுயாதீனம் என்ற சொல்லுக்கு வருவோம். யாழ்ப்பாணப் பிள்ளைகள் இறையியலுக்கு இந்தியா போன காலம் ஒன்று இருந்தது. தெல்லிப்பழையில் 1908இல் பிறந்த டி. ரி. நைல்ஸ் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் படித்தவர். 1948இல் அம்ஸ்ரடாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் முதன்முதலாகக் கூடியபோது அங்கே பிரசங்கித்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு இலங்கையிலேயே, சிங்களத்திலும் தமிழிலும் படிக்க வழி வந்தது. யுத்த காலத்தில் சிறு சபைகள் பெருகின. அவற்றின் போதகர்மாரில் பலருக்கு உயர்தரம் முடிக்கவே வாய்ப்பு இருக்கவில்லை. பெரிய திருச்சபைகளின் கல்லூரிக்குள் இவர்களுக்கு இடம் இல்லை. பகலில் கடையிலோ வயலிலோ வேலை செய்துவிட்டுப் பின்னேரம் படிக்க விரும்பியவர்களும் இருந்தார்கள். 1994இல் தொடங்கிய கொழும்பு இறையியல் செமினரி போன்ற, எந்த ஒரு சபைப்பிரிவுக்கும் கட்டுப்படாத நிறுவனங்கள் இப்படிப்பட்டவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டன.

அங்கே ஒரு வகுப்பில் பெந்தெகொஸ்தேக்காரரும் மெதடிஸ்தரும் தென்னிந்தியத் திருச்சபைக்காரரும் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருப்பார்கள். ஞானஸ்நானத்தைப் பற்றி மூன்று பேருக்கு மூன்று விளக்கம் இருக்கும். அந்த வாக்குவாதத்தில் கிடைக்கும் படிப்பு ஒரே சபைப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் வகுப்பில் கிடைக்காது. இதை நான் மனதார மதிக்கிறேன். உங்கள் மகனுக்கு இது பொருந்தும் என்றும் நினைக்கிறேன். என்னுடன் கதைத்த அரை மணித்தியாலத்தில் நான்கு தரம் "அது ஏன் சேர் அப்பிடி?" என்று கேட்டவர் அவர்.

ஆனால் காசைப் பற்றியும் கடதாசியைப் பற்றியும் கதைக்காமல் விட முடியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பி என்னிடம் வந்தார். நான்கு வருடம் படித்த இறையியல் இளமாணிச் சான்றிதழை பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, மூலை மடங்காமல், இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். படித்தவர் என்பது கதைத்த ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. கிரேக்க எழுத்தை எனக்கு எழுதிக் காட்டினார். பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகத்துக்குப் போயிருக்கிறார். சான்றிதழ் தந்த நிறுவனம் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நாலு வருசமும் இதை ஒருத்தரும் சொல்லேல்லை சேர்" என்றார். கல்லூரி பொய் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வீட்டிலும் ஆள் இருக்கவில்லை.

அக்கா, இறையியல் பட்டத்துக்கு மூன்று விதமான அங்கீகாரம் உண்டு. மூன்றும் ஒன்றல்ல. திருச்சபை ஏற்றுக்கொள்வது ஒன்று. அது குருவானவராக அருட்பொழிவு பெறும் வழி. இறையியல் கல்லூரிகளை மதிப்பிடும் அமைப்புகள் ஏற்பது இன்னொன்று. ஆசிய இறையியல் சங்கம் அப்படிப்பட்டது. இந்தியாவில் உள்ள செராம்பூர் செனற் என்ற அமைப்போ தானே பட்டமும் வழங்குகிறது. 1818இல் வங்காளத்தில் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827இல் டென்மார்க் மன்னர் கொடுத்த பட்டயத்தின் தொடர்ச்சி அது. இங்கே படித்த பிள்ளையின் சான்றிதழில் செராம்பூர் என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இந்த இரண்டாவது அங்கீகாரம் மேற்படிப்புக்கும் வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கும் உதவும். மூன்றாவது எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்பது. அரசாங்க வேலைக்கு அதுதான் செல்லும். முதல் இரண்டும் இருப்பதால் மூன்றாவதும் இருக்கும் என்று நினைத்துத்தான் அந்தத் தம்பி ஏமாந்தார்.

ஆகவே கல்லூரிக்குப் போய் அதிபரிடம் நேரே கேளுங்கள்: பட்டத்தை வழங்குவது யார்? இங்குள்ள கல்லூரியா, வெளிநாட்டு நிறுவனமா? ஆணைக்குழுவின் ஏற்பு உண்டா? உண்டு என்றால் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், பிறகு ஆணைக்குழுவிடமும் நீங்களே எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். இல்லை என்று அதிபர் நேர்மையாகச் சொன்னால் அந்தக் கல்லூரி மீது எனக்கு மதிப்புக் கூடும். சுற்றி வளைத்துக் கதைத்தால் மகனைச் சேர்க்க அவசரப்பட வேண்டாம். கடந்த மூன்று வருடத்தில் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அவர்களில் இரண்டு பேரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி மகனையே கதைக்க விடுங்கள். கல்லூரி எந்தக் காசில் ஓடுகிறது என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். வெளிநாட்டு நன்கொடையில் மட்டும் நிற்கும் இடத்தில், நன்கொடை நின்றால் நடுவில் படிப்பும் நிற்கும்.

இன்னொருவரிடமும் கேட்க வேண்டும்: உங்கள் சபைப் போதகரிடம். மகன் படித்து முடித்தால் சபை அவரை ஏற்குமா, அல்லது தன் சொந்தக் கல்லூரிக்குப் போய் வந்தவரைத்தான் எடுக்குமா? பெரிய திருச்சபைகளில் இதற்கு விதிகள் உண்டு. சேர்ந்த பிறகு கேட்டால் வீட்டில் மனவருத்தம்தான் மிஞ்சும்.

என் யோசனையைக் கேட்டால் இப்படிச் செய்யலாம். பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தை எக்காரணம் கொண்டும் போடாமல் விட வேண்டாம். மகன் கலைப்பிரிவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ நாகரிகம் ஒரு பாடம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசற் ஸ்கோர் (Z-score) இடம் கொடுத்தால் அதில் பட்டம் எடுத்துக்கொண்டு, பின்னேர வகுப்பாக இறையியல் டிப்ளோமா செய்யலாம். பட்டம் முடித்தபின் முழுநேரமாகப் போனால் பட்டதாரிகளுக்கான இறையியல் கற்கைக்கே போகலாம், வயதும் மனமும் பழுத்திருக்கும். கம்பஸ் கிடைக்காவிட்டால், திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையத்தில் என்னென்ன கற்கைகள் இருக்கின்றன என்று பார்த்து, ஒன்றை இறையியலோடு சேர்த்துக் கொண்டுபோகலாம். இரண்டையும் சுமப்பது கஷ்டம், மறைக்க மாட்டேன். ஆனால் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

மகன் இதற்குச் சம்மதிக்காமல், இப்போதே முழுநேரமாகப் போகிறேன் என்றால்? தடுக்காதீர்கள் அக்கா. அழைப்பு என்று ஒரு பிள்ளை சொல்வதைப் பயத்தால் அடக்கினால் அந்தப் பிள்ளை வேறு எதையும் மனம் வைத்துப் படிக்காது. ஒரு நிபந்தனை மட்டும் போடுங்கள்: மேலே சொன்ன கேள்விகளுக்கெல்லாம் பதிலை அவரே போய்க் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வரட்டும். நீங்கள் கேட்டு வந்து சொன்னால் அது அம்மாவின் பயமாகத்தான் அவருக்குப் படும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருப்பேன். மகன் தனியே வரட்டும், அந்தக் கொப்பியோடும் கைநூலோடும். தகப்பனுக்கு இன்னும் சொல்லவில்லை என்றீர்கள். அதற்கு முதல் அவரோடு ஒருக்கால் இருந்து கதையுங்கள்.